பேரியன் (விண்மீன், வாயு ஆகிய சாதாரணப் பொருள்) சேர்த்ததும் கரு 7 கிலோபாசெக்கிலிருந்து 1க்குக் கீழே போகிறது, விடையும் ஒன்றாக நிற்கவில்லை. எங்கே பிழை?

கேள்வி: ஹட்டன்_இரவுவானம்

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். சுயமோதல் கரும்பொருள் ஹேலோ (தம்முள் மோதும் கரும்பொருள் துகள்களாலான, விண்மீன் மண்டலத்தைச் சூழ்ந்த கோளம்) ஒன்றைச் சமவெப்ப ஜீன்ஸ் முறையில் (உள்ளே வேகச் சிதறல் எங்கும் ஒன்றே என்று எடுத்து அடர்த்தி காணும் முறை) பைத்தனில் எழுதியிருக்கிறேன். பால்வீதி அளவு ஹேலோ: எம்200 (ஹேலோவின் திணிவு) = 10¹² சூரியத் திணிவு, செறிவு 10, ஹபிள் மாறிலி 70, வயது 10 பில்லியன் ஆண்டு, மோதல் குறுக்குவெட்டு கிராமுக்கு 1 சதுர சென்ரிமீற்றர். இதிலிருந்து ஆர்200 (ஹேலோவின் வெளி ஆரை) = 206 கிலோபாசெக், அளவு ஆரை 20.6 கிலோபாசெக், அளவு அடர்த்தி ஒரு கன கிலோபாசெக்குக்கு 6.1 × 10⁶ சூரியத் திணிவு.

கரும்பொருள் மட்டும் என்றால் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. ஒரு துகள் வயது முழுவதிலும் சராசரியாக ஒருமுறை மோதும் ஆரை, அதாவது ஆர்1, 18.5 கிலோபாசெக். மைய அடர்த்தி 1.9 × 10⁷, வேகச் சிதறல் நொடிக்கு 105 கிலோமீற்றர். அடர்த்தி பாதியாகும் ஆரை, அதாவது கருவின் அளவு, 7 கிலோபாசெக்குக்குக் கிட்ட.

இதற்குள் 5 × 10¹⁰ சூரியத் திணிவுள்ள வட்டை வைத்தேன். வட்டின் அளவு நீளம் 3 கிலோபாசெக். ஹெர்ன்குவிஸ்ட் கோளமாக (மையத்தில் செறிந்த திணிவுக்கான ஒரு கோளச் சூத்திரம்) மாற்றி, அதன் ஆரையையும் 3 என்றே கொடுத்தேன். இனித்தான் சிக்கல்:

கரு 1 கிலோபாசெக்குக்கும் கீழே போய்விடுகிறது. ஆரம்ப ஊகத்தை மாற்றினால் தீர்வும் மாறுகிறது. ஒருமுறை மைய அடர்த்தி குறைந்த விடை, மறுமுறை பல மடங்கு கூடிய விடை. ஆர்1 மட்டும் அதே 18.5இல் நிற்கிறது. வட்டு 10 பில்லியன் ஆண்டும் இப்போதைய அளவிலேயே இருந்ததாக வைப்பது சரியா என்பதும் தெளிவில்லை. தொகையீட்டை ஆரை சுழியத்தில், சாய்வு சுழியம் என்ற எல்லை நிபந்தனையோடு தொடங்குகிறேன்.

பதில் 1: பேராதனை_மூன்றாம்மாடி

தங்கச்சி, கரு சுருங்குவது பிழையல்ல. அது சுருங்காவிட்டால்தான் நிரலைச் சந்தேகிக்க வேண்டும். மற்ற நான்கிலும் திருத்த இடம் இருக்கிறது.

முதலில் கரு ஏன் சுருங்குகிறது என்பதைப் பார்ப்போம். ஆர்1க்கு உள்ளே மோதல்கள் வெப்பநிலையைச் சமப்படுத்திவிட்டன என்று எடுக்கிறோம். அப்போது அடர்த்தி, ஈர்ப்பு அழுத்த (அமுக்கமல்ல, ஓரலகுத் திணிவுக்கான நிலைச் சக்தி) வித்தியாசத்தைச் சிக்மா0 (உள்ளே எங்கும் ஒன்றாக நிற்கும் வேகச் சிதறல்) வர்க்கத்தால் வகுத்து வரும் எண்ணின்படி அடுக்குக்குறியாக இறங்கும். உயர்தரத்தில் படித்த வளிமண்டலச் சமன்பாடேதான் இது. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் ஏறி நுவரெலியாவுக்கு வரும்போது வளியமுக்கம் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்காகக் குறைவதும் இதே கணக்குத்தான். வெப்பச் சக்தியோடு ஒப்பிடும்போது பள்ளம் எவ்வளவு ஆழமோ, வாயு அவ்வளவுக்கு அடியில் ஒடுங்கும். அந்தப் பள்ளத்தை யார் தோண்டினார்கள் என்பது வாயுவுக்குப் பொருட்டில்லை. பேரியன் தோண்டினாலும் கரும்பொருள் அதற்குள் படியும்.

உங்கள் எண்களையே போட்டுப் பாருங்கள். ஹெர்ன்குவிஸ்ட் கோளத்தில் மையத்திலிருந்து ஆர் தூரத்தில் அழுத்த வித்தியாசம், ஈர்ப்பு மாறிலி × திணிவு ÷ ஏ, பெருக்கல் ஆர் ÷ (ஆர் + ஏ). இங்கே ஏ என்பது ஹெர்ன்குவிஸ்ட் ஆரை. அதை 3 என்று போட்டதுதான் முதல் பிழை. வட்டின் அளவு நீளமும் ஹெர்ன்குவிஸ்ட் ஆரையும் ஒன்றல்ல. அடுக்குக்குறி வட்டில் பாதித் திணிவு 1.678 அளவு நீளத்துக்குள் அடங்கும். ஹெர்ன்குவிஸ்ட் கோளத்தில் 2.414 ஏ ஆரைக்குள். இரண்டையும் சமப்படுத்தினால் ஏ = 0.695 × அளவு நீளம். உங்கள் வட்டுக்கு 2.09 கிலோபாசெக்.

ஈர்ப்பு மாறிலியை 4.301 × 10⁻⁶ என்று (கிலோபாசெக், கிலோமீற்றர்/நொடி, சூரியத் திணிவு அலகுகளில்) எடுத்தால் பேரியன் பள்ளத்தின் ஆழம் நொடிக்கு 321 கிலோமீற்றரின் வர்க்கம். சிக்மா0 இப்போது 105இல் நிற்காது. மொத்தத் திணிவு கூடியதால் ஏறும். 150 என்று வைத்துக்கொள்வோம். ஆழத்தைச் சிக்மா0 வர்க்கத்தால் வகுத்தால் 4.6. அடர்த்தி பாதியாக வேண்டுமென்றால் அழுத்தம் சிக்மா0 வர்க்கத்தின் 0.693 மடங்கு ஏற வேண்டும். ஆகவே ஆர் ÷ (ஆர் + ஏ) = 0.15, ஆர் = 0.18 ஏ. அதாவது 0.37 கிலோபாசெக். கரும்பொருளின் சொந்த ஈர்ப்பைச் சேர்த்தால் இன்னும் சற்றுக் குறையும். 7 இருந்த இடத்தில் 0.37. கப்லிங்ஹாட், கீலி, லிண்டன், யூ ஆகியோர் 2014இல் சொன்ன செய்தியே இதுதான்: பேரியன் ஆளும் மண்டலத்தில் கருவின் அளவைக் குறுக்குவெட்டை விடப் பேரியன் பரம்பலே தீர்மானிக்கிறது.

இனி எல்லை நிபந்தனை. ஹெர்ன்குவிஸ்ட் அடர்த்தி மையத்தில் ஆரைக்கு நேர்மாறாக ஏறுகிறது. அதனால் சுழியத்திலும் ஈர்ப்பு முடுக்கம் சுழியமாகாது. ஈர்ப்பு மாறிலி × திணிவு ÷ ஏ வர்க்கம் என்ற முடிவுள்ள பெறுமானம் நிற்கும். சாய்வு சுழியம் என்று கொடுத்தால் முதல் சில படிகளிலேயே அடர்த்தி தவறிப்போகும். இரண்டாம் வரிசைப் பொய்சான் சமன்பாட்டை விட்டுவிட்டு, இரண்டு முதல் வரிசைச் சமன்பாடுகளாக எழுதுங்கள்:

கரும்பொருள் திணிவின் பெறுதி = 4 பை × ஆரை வர்க்கம் × அடர்த்தி.

அடர்த்தியின் மடக்கையின் பெறுதி = − ஈர்ப்பு மாறிலி × (கரும்பொருள் திணிவு + பேரியன் திணிவு) ÷ (ஆரை வர்க்கம் × சிக்மா0 வர்க்கம்).

பேரியன் திணிவு கையில் சூத்திரமாக இருக்கிறது: மொத்தத் திணிவு × ஆர்² ÷ (ஆர் + ஏ)². தொடக்க ஆரை ஏயின் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். அங்கே கரும்பொருள் திணிவு 4/3 பை × மைய அடர்த்தி × ஆரை கனம். மாறியாக ஆரையின் மடக்கையை வையுங்கள். சை-பையின் தொகையீட்டுச் செயலியில் சார்புப் பிழை வரம்பை 10⁻⁸ ஆக இறக்குங்கள். இயல்பாக இருக்கும் 10⁻³ இந்த வேலைக்குப் போதாது.

அலகு மாற்றத்தையும் ஒருமுறை சரிபாருங்கள். கிராமுக்கு 1 சதுர சென்ரிமீற்றர் = சூரியத் திணிவுக்கு 2.09 × 10⁻¹⁰ சதுர கிலோபாசெக். நொடிக்கு 1 கிலோமீற்றர் = பில்லியன் ஆண்டுக்கு 1.023 கிலோபாசெக்.

பதில் 2: வெலிமடை_அக்கா

ஆர்1 பற்றி. வெளிப்புற அடர்த்தி விவரத்தை நீங்கள் சுருக்கவில்லை என்று நினைக்கிறேன். பேரியன் மையத்துக்கு இறங்கும்போது கரும்பொருளையும் உள்ளே இழுக்கும். மோதலற்ற நவாரோ–ஃபிரெங்க்–வைட் விவரத்தை (கரும்பொருள் ஹேலோவுக்கு வழக்கமான அடர்த்திச் சூத்திரம்) அப்படியே வைத்து அதன் நடுவில் வட்டைச் செருகினால் உள்ளும் புறமும் ஒட்டாது.

எளிய வழி புளூமெந்தால் குழுவின் 1986ஆம் ஆண்டு விதி: ஆரை × உள்ளடங்கிய திணிவு மாறாது. உங்கள் ஹேலோவில் 20.6 கிலோபாசெக்கில் இருந்த கோள ஓடு 16.4க்கு இறங்குகிறது. அந்த 16.4க்குள் கரும்பொருள் 9.1 × 10¹⁰ இருந்த இடத்தில் இப்போது 1.23 × 10¹¹, ஏறத்தாழ 1.36 மடங்கு. இந்த விதி மிகையாகச் சுருக்கும், ஏனென்றால் எல்லாத் துகளும் வட்டப்பாதையில் போவதாக எடுக்கிறது. கௌட்டுன் குழுவின் 2020 சூத்திரம் பாவித்துப் பாருங்கள்: சுருங்காத கரும்பொருள் திணிவை 0.45 + 0.38 × (ஈட்டா + 1.16)^0.53 ஆல் பெருக்க வேண்டும். ஈட்டா என்பது அந்த ஆரைக்குள் உண்மையில் உள்ள பேரியன் திணிவுக்கும், பிரபஞ்சப் பேரியன் பங்கின்படி அங்கே இருந்திருக்க வேண்டிய திணிவுக்கும் உள்ள விகிதம். அதே 16.4இல் ஈட்டா 2.6, பெருக்கம் 1.22.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று. சுருக்கிய பிறகும் 17 கிலோபாசெக் அளவில் அடர்த்தி ஏறத்தாழ முன்போலவே, 2.1 × 10⁶. உள்ளே போனதற்கு ஈடாக வெளியிலிருந்து வந்து சேர்கிறது. ஆகவே அடர்த்தியை மட்டும் பார்த்து ஆர்1 கண்டால் அது அசையாததில் வியப்பில்லை. ஆனால் மோதல் வீதத்தில் வேகமும் இருக்கிறது: சராசரிச் சார்பு வேகம் = 4 ÷ பையின் வர்க்கமூலம் × சிக்மா, அதாவது 2.26 சிக்மா. ஆர்1 = 18.5 வர சிக்மா 110 அளவில் இருக்க வேண்டும்; உங்கள் நிரலில் அது அந்தப் பழைய 110இல் நிலையாக இருக்கிறதா பாருங்கள். 150 போட்டால் தேவைப்படும் அடர்த்தி 1.9 × 10⁶இலிருந்து 1.4 × 10⁶க்கு இறங்கி, ஆர்1 ஏறத்தாழ 21க்குப் போகும். சிக்மா0 கிடைத்ததும் ஆர்1ஐ மறுபடி கண்டு, மறுபடி பொருத்துங்கள். மூன்று நான்கு சுற்றில் நின்றுவிடும்.

ஆர்1 கொஞ்சம்தான் நகர்கிறது என்று இந்தப் படியை விட்டுவிடாதீர்கள். பொருத்தும்போது அடர்த்தியோடு உள்ளடங்கிய திணிவையும் பொருத்துகிறோம். மாறுவது அந்தத் திணிவுதான்.

ஹட்டன்_இரவுவானம்

நன்றி அக்கா, நன்றி அண்ணே. சிக்மாவை 110 என்று நிலையாகக் கட்டித்தான் வைத்திருந்தேன். ஏயையும் தொடக்க ஆரையையும் மாற்றினேன், கரு 0.4க்குக் கிட்ட வந்துவிட்டது. ஆனால் இரண்டு விடை இன்னும் வருகிறது. எதை எடுப்பது? வட்டின் வயதுக் கேள்வியும் அப்படியே நிற்கிறது.

பதில் 3: பேராதனை_மூன்றாம்மாடி

இரண்டு விடை வருவது நிரலின் கோளாறு அல்ல, சமன்பாட்டின் இயல்பு. மைய அடர்த்தி, சிக்மா0 என இரண்டு அறியாக் கணியங்கள். ஆர்1இல் அடர்த்தி, உள்ளடங்கிய திணிவு என இரண்டு நிபந்தனைகள். இருந்தும் ஒரே எல்லை நிபந்தனைக்கு அடர்த்தி குறைந்த தீர்வும் கூடிய தீர்வும் உண்டு. குறைந்தது கரு விரிந்த நிலை. கூடியது ஈர்ப்புவெப்பச் சரிவுக்கு (மையம் வெப்பத்தை இழந்து ஓயாமல் சுருங்குவது) போகும் நிலையோடு தொடர்புள்ளது.

மூலம் காணும் செயலியை இங்கே நேரடியாக விடாதீர்கள். எங்கே தொடங்கினீர்களோ அதற்குக் கிட்ட உள்ள பள்ளத்தில் விழும். முதலில் வலை போடுங்கள். மைய அடர்த்தியின் மடக்கை 6 முதல் 10 வரை, சிக்மா0வின் மடக்கை 1.7 முதல் 2.5 வரை. ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டு சார்புப் பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டி வரைந்தால் இரண்டு பள்ளமும் கண்ணுக்குத் தெரியும். பிறகு குறுக்குவெட்டை 0.1இல் தொடங்கி அடர்த்தி குறைந்த கிளையைப் பிடித்து, 0.05 படியாக 1 வரை ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் முந்திய விடையே அடுத்ததன் ஊகம். கிளை மாறித் தாவினால் சிக்மா0 வரைபில் உடைவு தெரியும்.

குறுக்குவெட்டு × வயது கூடக் கூட இரண்டு பள்ளமும் நெருங்கி வந்து ஒன்றாகிவிடும். அதற்கு அப்பால் பொருத்தமே கிடைக்காது. அங்கே எல்லையைத் தளர்த்தி வலிந்து ஒரு விடை எடுக்கக் கூடாது. ஹேலோ சரிவுக்குள் போய்விட்டது, சமவெப்ப எடுகோள் அங்கே முடிந்தது என்பதே பொருள். ஃபாங்சோ ஜியாங் குழு 2023இல் இதையே சரிவின் அடையாளமாக எடுத்தது.

பேரியன் இந்த இணைவை எவ்வளவு முன்னுக்குக் கொண்டுவருகிறது என்பதை அளக்க, கரும்பொருள் மட்டும் உள்ள சரிவுக் காலத்தை முதலில் பாருங்கள். வழக்கமான சூத்திரம்: (150 ÷ 0.75) ÷ (குறுக்குவெட்டு × அளவு அடர்த்தி × அளவு ஆரை), அதை மேலும் 4 பை × ஈர்ப்பு மாறிலி × அளவு அடர்த்தியின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். உங்கள் ஹேலோவுக்கு 410 பில்லியன் ஆண்டு. பிரபஞ்சத்தின் வயது 13.8 பில்லியன். பேரியன் இல்லாவிட்டால் இந்த ஹேலோ சரிவைப் பற்றி நினைக்கவே தேவையில்லை. செறிவான பேரியன் அந்தக் காலத்தைப் பெரிய அளவில் குறைக்கும்.

வட்டின் வயது. இதற்கு இரண்டு பகுதியாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஹேலோவின் உள்ளேயும் வெளியேயும் நினைவு ஒரே அளவில் நிற்பதில்லை. அடர்த்தி 10⁸ ஆக உள்ள உட்பகுதியில், சிக்மா 150 என்றால் ஒரு மோதலுக்கு ஆகும் காலம் 0.14 பில்லியன் ஆண்டு, அதாவது 14 கோடி ஆண்டு. வட்டு வளர்ந்த வேகத்தோடு ஒப்பிட்டால் இது சின்னக் காலம். ஆகவே உள்ளே ஹேலோ தன் பழைய கதையை மறந்து, இப்போதிருக்கும் பள்ளத்துக்கு ஏற்ப அமர்ந்துவிடும். அங்கே இன்றைய பேரியன் பரம்பலை வைப்பது சரி. ஆர்1க்குக் கிட்டவோ வாழ்நாள் முழுவதிலும் ஒரே ஒரு மோதல். அங்கே வரலாறு அழியவில்லை. எவ்வளவு பேரியன் எப்போது வந்தது என்பதைச் சுருக்கத்தில்தான் சேர்க்க வேண்டும். வெடித்து வெளியேறும் வாயு அழுத்தத்தை 14 கோடி ஆண்டை விட வேகமாக ஆட்டும் குறு விண்மீன் மண்டலங்களில் முதல் பாதியும் ஆட்டம் காணும். உங்கள் கனமான வட்டுக்கு அந்தக் கவலை குறைவு.

பதில் 4: கொட்டகலை_கணினி

பொருத்தத்துக்கு முன்னால் ஒரு வரைபு போட்டுப் பார்த்தால் பாதி வேலை மிச்சம்: சுருக்கிய, மோதலற்ற ஹேலோவின் வேகச் சிதறலை ஆரைக்கு எதிராக. வெறும் நவாரோ–ஃபிரெங்க்–வைட் விவரத்தில் மையம் குளிர், அளவு ஆரைக்குச் சற்று உள்ளே உச்சம், பிறகு இறக்கம். வெப்பம் வெளியிலிருந்து உள்ளே பாயும், கரு விரியும். செறிவான பேரியன் இருந்தால் மையமே சூடாகி, வளையி தட்டையாகவோ வெளிநோக்கி இறங்குவதாகவோ இருக்கும். அப்போது வெப்பம் தொடக்கத்திலிருந்தே வெளியே போகும். ஈர்ப்பால் கட்டுண்ட தொகுதியின் வெப்பக்கொள்ளளவு மறை என்பதால், சக்தி இழக்க இழக்க மையம் மேலும் சூடாகிச் சுருங்கும். கரு விரியும் கட்டமே வராமல் போகலாம். அந்த வரைபில் இறக்கம் தெரிந்தால் அடர்த்தி குறைந்த கிளையை எதிர்பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள்.

துகள் உருவகத்தால் சரிபார்ப்பதாக இருந்தால், நிலையான ஹெர்ன்குவிஸ்ட் அழுத்தத்தை ஒரே படியில் போடக் கூடாது. ஹேலோ அதிர்ந்து செயற்கையான அலை கிளம்பும். திணிவைச் சுழியத்திலிருந்து பல இயக்கக் காலங்களுக்கு மேலாக மெதுவாக ஏற்றுங்கள். கரு 0.37 கிலோபாசெக் என்றால் மென்மையாக்கல் நீளம் (அதற்குள் ஈர்ப்பைத் தளர்த்தும் தூரம்) 0.05ஐத் தாண்டக் கூடாது, 0.3 வைத்தால் நீங்கள் அளப்பது உங்கள் மென்மையாக்கலைத்தான். ஒரு நேரப்படியில் ஒரு துகள் மோதும் நிகழ்தகவு பத்தில் ஒன்றுக்குக் கீழே இருக்க வேண்டும். கூடினால் ஒரே படியில் இரண்டு மோதல் நடக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் எண்ணப்படும். வெப்பக் கடத்தல் குறைந்து கரு பொய்யாக நிலைத்திருக்கும். மொத்தச் சக்தியை ஒவ்வொரு வெளியீட்டிலும் அச்சிடுங்கள். மையம் அடர்ந்த பிறகுதான் அது நழுவத் தொடங்கும்.

ஹட்டன்_இரவுவானம்

அண்ணே, வரைபு போட்டேன். மையத்திலிருந்து 3 கிலோபாசெக் வரை கிட்டத்தட்டத் தட்டை, பிறகு மெல்ல இறக்கம். அடுத்ததாக ஸ்பார்க் தரவிலிருந்து (சுழற்சி வேகங்களின் தொகுப்பு) உண்மையான விண்மீன் மண்டலங்களை எடுத்துப் பொருத்த நினைக்கிறேன். அதில் வட்டின் வேகம் தந்திருக்கிறார்கள். வேக வர்க்கம் × ஆரை ÷ ஈர்ப்பு மாறிலி என்று திணிவு எடுத்துச் சமன்பாட்டில் போடலாமா?

பதில் 5: வெலிமடை_அக்கா

போடாதீர்கள். அந்த உறவு கோளத்துக்கு உரியது. மெல்லிய அடுக்குக்குறி வட்டின் வேகம் 2.2 அளவு நீளத்தில் உச்சமடையும். அங்கே அது, அதே திணிவு உள்ளடங்கிய கோளம் தரும் வேகத்தை விட ஏறத்தாழ 15 வீதம் கூட. வர்க்கமாகும்போது திணிவு 30 வீதத்துக்கு மேல் மிகையாகும். மேற்பரப்புப் பிரகாச விவரத்தைத் தொகையிட்டு ஆரைக்குள் அடங்கும் திணிவை எடுங்கள், அதைச் சமவெப்பச் சமன்பாட்டில் வையுங்கள். இறுதியில் சுழற்சி வளையியை வரையும்போது மட்டும் அவர்கள் தந்த வட்டு வேகத்தைப் பாவியுங்கள்.

இன்னும் மூன்று. ஸ்பார்க்கில் உள்ள 175 மண்டலங்களுக்கும் வட்டு வேகம், திணிவு–ஒளி விகிதம் 1 என்று வைத்துத் தரப்பட்டிருக்கிறது. 3.6 மைக்ரோமீற்றரில் வழக்கமாக வட்டுக்கு 0.5, நடுப்புடைப்புக்கு 0.7 எடுப்பார்கள். அதை வேக வர்க்கத்தோடு பெருக்க வேண்டும், வேகத்தோடு அல்ல. வாயு வேகம் சில இடங்களில் மறைக் குறியோடு வரும். நடுவில் வாயு இல்லாமல் வெளியே குவிந்திருந்தால் அதன் ஈர்ப்பு வெளிநோக்கி இழுக்கும், அதனால் அந்தக் குறி. வெறுமனே வர்க்கம் எடுத்தால் குறி தொலைந்துவிடும். வேகம் × வேகத்தின் மட்டு என்று எழுதுங்கள். ஹீலியத்துக்கான 1.33 வாயுவில் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது, மறுபடி பெருக்க வேண்டாம்.

தொடக்கத்துக்கு ஐ.சி 2574, யூ.ஜி.சி 5721 இரண்டையும் சேர்த்து எடுங்கள். உச்ச வேகம் இரண்டிலும் நொடிக்கு 80 கிலோமீற்றருக்குக் கிட்ட. முதலாவதின் வளையி மிக மெதுவாக ஏறும், இரண்டாவதின் வளையி சடாரென ஏறித் தட்டையாகும். ஓமான் குழு 2015இல் எழுப்பிய பன்முகச் சிக்கல் இந்த மாதிரிச் சோடிகளைப் பற்றியதுதான். ஒரே குறுக்குவெட்டை வைத்து, செறிவையும் பேரியன் பரம்பலையும் மட்டும் மாற்றி இரண்டையும் பொருத்திப் பாருங்கள். 2019இல் ரென் குழு 135 மண்டலங்களுக்குக் கிராமுக்கு 3 சதுர சென்ரிமீற்றர் வைத்துச் செய்தது. நீங்களும் 3 வைத்தால் ஒப்பிட வசதி.

பதில் 6: பேராதனை_மூன்றாம்மாடி

3ஐ இந்த வேக அளவுக்கு மட்டும் வையுங்கள் தங்கச்சி. மண்டலக் கொத்துகளில் அவ்வளவு பெரிய எண் நிற்காது. ஒன்றோடொன்று மோதிய புல்லட் கொத்தே 1 அளவில் மேல் எல்லை கட்டிவிடுகிறது. வேகத்தோடு குறையும் குறுக்குவெட்டுக்கு மாறும்போது, அதை எந்த வேகத்தில் மதிப்பிடுகிறீர்கள் என்பது முக்கியம். பேரியன் சிக்மா0வை 105இலிருந்து 150க்கு ஏற்றினால் குறுக்குவெட்டும் அதே சுற்றிலேயே குறைய வேண்டும். வெலிமடை அக்கா சொன்ன ஆர்1 சுற்றுக்குள்ளேயே அந்த வரியைச் சேருங்கள். வெளியே ஒருமுறை கணித்து உள்ளே அனுப்பினால், பேரியன் கூடிய மண்டலங்களில் மட்டும் கரு தவறாக வரும். பேரியன் குறைந்தவற்றில் எல்லாம் சரியாகவே தெரியும், பிழையைத் தேடிப் பிடிக்க நாளாகும்.